உள்ளங்கை வியர்வையும் ஒரு பிரேசில் இலையும்

கை குலுக்கறதுன்னாலே எனக்கு உதறல்தான். கேம்பஸ் இண்டர்வ்யூல கை கொடுத்த மனுஷர், அப்புறம் மேஜைக்குக் கீழே பேண்ட்ல துடைச்சுக்கிட்டதை நான் பார்த்துட்டேன். பரீட்சைல கைக்கு அடியில கர்ச்சீப் வெச்சு எழுதின ஆளு நான். இதுக்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ்னு பேர் இருக்குன்னு தெரிஞ்சதும், இதோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். வேடிக்கை என்னன்னா, கதை தொடங்கறது வியர்வையை நிறுத்தற மருந்துல இல்லை, கொட்ட வைக்கற மருந்துல!

1870கள்ல கூட்டினோங்கற பிரேசில் டாக்டர் ஜாபொராண்டி இலையை பாரிசுக்குக் கொண்டு போனார். கஷாயம் குடிச்சா எச்சிலும் வியர்வையும் ஆறா ஓடும். 1875ல் பாரிசில் ஹார்டி, லண்டனில் ஜெரார்ட் ரெண்டு பேரும் தனித்தனியா அதிலிருந்து பைலோகார்பினைப் பிரிச்சு எடுத்தாங்க.

அதே சமயம் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி இந்த இலையை ஆராய ஆரம்பிச்சார். வயசு இருபத்திரண்டு, இருபத்திமூணுதான் (நாமெல்லாம் அந்த வயசுல அரியர் எழுதிக்கிட்டு இருந்தோம்). பைலோகார்பின் எச்சிலைச் சுரக்க வைக்கும், அட்ரோபின் நிறுத்தும். ரெண்டுமே செல்லில் இருக்கற ஏதோ ஒரு பொருளோடதான் சேருது, எது ஜெயிக்கும்ங்கறது அளவைப் பொறுத்ததுன்னு 1878ல் எழுதினார். இன்னிக்கு ரிசப்டர்னு சொல்றோமே, அதுக்கு விதை இங்கேதான்.

1914ல் ஹென்றி டேல், அசிட்டைல்கோலினோட வேலைகள்ல ஒரு பகுதி காளான் விஷமான மஸ்கரின் மாதிரியே இருக்குன்னு காட்டினார். மஸ்கரினிக்ங்கற பேர் அப்படி வந்தது. ஆனா வியர்வை மட்டும் இடிச்சுது. அந்த நரம்புகள் சிம்பதெடிக் வகை. அட்ரினலின் மாதிரி சரக்கைத்தானே விடணும்? 1934ல் டேலும் ஃபெல்ட்பெர்க்கும் பூனையோட பாதத்தை எடுத்துக்கிட்டாங்க (பூனைக்கும் அங்கேதான் வியர்க்கும், என் இனம்!). நரம்பைத் தூண்டினா வெளியே வந்தது அசிட்டைல்கோலின்.

அப்போ அந்த ரிசப்டரை அடைச்சுட்டா வியர்வை நின்னுடும், இல்லையா? நிக்கும். ஆனா மாத்திரையா போட்டா வாய் உலரும், பார்வை மங்கும், மலச்சிக்கல் வரும். ஒரே பூட்டு உடம்பு பூரா இருக்கே! அதனால தோல்ல மட்டும் தடவற வழிக்கு வந்தாங்க. 2018ல் அமெரிக்காவில் அக்குளுக்கு கிளைகோபைரோனியம் தோய்ச்ச துணி அனுமதி வாங்குச்சு. உள்ளங்கைக்குன்னே ஒரு லோஷன் 2023ல் ஜப்பானில் வந்தது. மருந்து ஆக்ஸிபியூட்டினின், அடிக்கடி சிறுநீர் போறவங்களுக்குக் கொடுத்துட்டிருந்த அதே பழைய சரக்கு. ராத்திரி தடவிட்டு, காலையில கழுவணும். மறந்துபோய் அந்தக் கையால கண்ணைத் தேய்ச்சா கண்மணி விரிஞ்சு எல்லாம் மங்கலா தெரியும். அங்கேயும் அதே பூட்டுதான்.