பாம்புக்கடி மருந்து குதிரை ரத்தத்தில் இருந்து வருதா? உயிர் காக்கும் ‘குளோபுலின்’ வேலை செய்வது எப்படி?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் பலர், இருட்டில் ஏரிக்கரையையும் புதர் மண்டிய காலி மனைகளையும் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே விஷப்பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து, குதிரையின் ரத்தத்தில் உருவான ஒரு புரதம். அதன் குடும்பப் பெயர் குளோபுலின்.

குளோபுலின் என்றால் என்ன?

ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் வெளிர்மஞ்சள் திரவம்தான் பிளாஸ்மா. அதில் அதிகம் இருக்கும் புரதம் ஆல்புமின். அடுத்த பெரிய கூட்டம் குளோபுலின்கள். லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரு வரி வருமே, அதேதான். 1937-ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ், மின்சாரம் செலுத்தி இவற்றை ஆல்பா, பீட்டா, காமா எனப் பிரித்துக் காட்டினார். காமா பிரிவில்தான் ஆன்டிபாடி எனப்படும் இம்யூனோகுளோபுலின் இருக்கிறது. நாய்க்கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் இந்த வகைதான்.

விஷம் எங்கிருந்து வருகிறது?

ரொம்ப தூரத்தில் இருந்து இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்பவர்கள் கூட்டுறவு சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்துவிட்டு, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருந்து கம்பெனிகள் அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தும். குதிரையின் உடல் ஆன்டிபாடி தயாரிக்கும். அதன் பிளாஸ்மாவைச் சுத்திகரித்தால் மருந்து ரெடி. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான்.

கம்பெனி முதலுதவிப் பெட்டியிலேயே வைக்கலாமே?

முடியாது. குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடுமையான அலர்ஜி வரும். அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டுதான் டாக்டர் இதை நரம்பில் ஏற்றுவார். வழக்கமாக 8 முதல் 10 குப்பி வரை தொடங்குவார்கள். குழந்தைக்கும் இதே அளவுதான்! ஏனென்றால் முறிக்க வேண்டியது பாம்பு செலுத்திய விஷத்தை. அது ஆளைப் பார்த்து அளவு குறைவதில்லை.

ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் இந்த குளோபுலின் பிடிக்கும். நரம்பிலோ சிறுநீரகத்திலோ ஏற்கெனவே நடந்த சேதத்தைத் திருப்ப முடியாது. அதனால்தான் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எல்லாமே ஆபத்து. கடித்த கை, காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். தரையில் படுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்: கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது போன்றவை வந்தால் காத்திருக்கவே கூடாது.

பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும்.