உழைக்கும் உடலும் ஓடும் உடலும்: உடற்செயலின் தீவிரம், நினைவு, உணர்வு குறித்த ஆய்வுகளின் வரலாறு

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 2024 ஆகஸ்டில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள், 706.50 கோடி ரூபாய் செலவு, பாக்ஸ்கானில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்குவதற்கான இடம். இதே பூங்காவில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2017 முதல் இயங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கும் இளைஞர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் வரக்கூடிய பதில் ஒன்றுதான்: "நாள் முழுக்க நின்னுதானே வேலை செய்யறோம், இதுக்கு மேல எக்சர்சைஸ் எதுக்கு?"

இந்தப் பதிலைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. உடற்செயலின் தீவிரம் மனத்தை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி, உழைக்கும் உடலை அளப்பதில்தான் வேரூன்றியது. பிறகு அது ஆலையை விட்டு வெளியேறி ஆய்வக ஓட்டப்பொறிக்கும் மணிக்கட்டுக் கருவிக்கும் குடிபெயர்ந்தது. அங்கே கிடைத்த முடிவுகளை அப்படியே திரும்ப ஆலைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தீவிரத்துக்கு எல்லை உண்டு என்ற எண்ணம் பழையது. தன் பலத்தில் பாதி அளவே உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது சுஸ்ருத சம்ஹிதை. மூச்சு வாய்வழியே வாங்கத் தொடங்குவது அதற்கான அடையாளம். அளவுகோல் உடலுக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே எடுத்துக் கருவியில் பூட்டியவர் இத்தாலியின் டுரின் நகர உடலியலாளர் ஆஞ்செலோ மோசோ. விரலால் எடையை இழுக்கவைத்துத் தசைச் சோர்வைக் கோடாக வரையும் எர்கோகிராஃப் அவருடையது. 1891இல் வெளியான சோர்வு பற்றிய அவரது நூலில் ஒரு செய்தி இன்றும் யோசிக்க வைக்கிறது: மாணவர்களுக்கு நீண்ட நேரம் வாய்மொழித் தேர்வு நடத்திய பேராசிரியரின் விரல்வலு சரிந்திருந்தது. மனம் களைத்தால் தசையும் களைக்கிறது என்பதற்குக் கருவிச் சான்று கிடைத்தது.

முதல் உலகப் போர்க்கால வெடிமருந்து ஆலைகளின் அனுபவத்திலிருந்து, 1918இல் பிரிட்டனில் தொழிற்சோர்வு ஆராய்ச்சி வாரியம் உருவானது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையே அரை மணி ஓய்வு என்று வரம்பிட்டது. 1979இல் பி.என். சாஹாவும் சகாக்களும் இந்தியத் தொழிலாளர்களை அளந்து ஒரு முடிவுக்கு வந்தனர்: எட்டு மணி நேர வேலையின் சராசரிச் சுமை, ஒருவரது அதிகபட்ச ஆக்சிஜன் கொள்திறனில் சுமார் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிப் பின்னர் திரும்பப் பெறப்பட்டதே, அந்த நேரத்தில் எல்லோரும் எடுத்துப் படித்திருக்க வேண்டியது சாஹா குழுவின் கட்டுரை.

ஆராய்ச்சியின் திசை மாறியது 1953இல் என்று சொல்லலாம். லண்டன் பேருந்துகளில் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட இதயநோய் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் காட்டினார். அதுவும் வேலையிடத்து ஆய்வுதான். ஆனால் உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது "அசைவு நல்லது" என்ற பொது முடிவை. 1970 வாக்கில் ஸ்வீடனின் குன்னர் போர்க், உணரும் சிரமத்தை 6 முதல் 20 வரை எண்ணால் சொல்லும் அளவுகோலைத் தந்தார். சுஸ்ருதரின் உடல் அடையாளம் எண்ணாகத் திரும்பி வந்தது. எண்ணும் வேண்டாம் என்றால் பேச்சே அளவுகோல்: மூச்சு வாங்கினாலும் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான தீவிரம். நாலு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடும் தீவிரம்.

நினைவு இந்தக் கதைக்குள் தாமதமாகத்தான் வருகிறது. 1908இலேயே உளவியலாளர்கள் யெர்க்ஸும் டாட்சனும் சுண்டெலிகளில் கண்டது: கடினமான பாடத்தைக் கற்க மிதமான தூண்டலே ஏற்றது, எளிய பாடத்துக்கு வலுவான தூண்டலும் உதவும். உடற்பயிற்சிக்கு இதைப் பொருத்திப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1999இல் ஃப்ரெட் கேஜ் குழு, சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பெருகியதைக் கண்டது. 2011இல் கிர்க் எரிக்சன் குழு 120 முதியவர்களை ஓராண்டு கவனித்தது. மிதமாக நடந்தவர்களுக்கு அப்பகுதி 2 சதவீதம் பெருத்தது, வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கியது.

கடும் தீவிரத்துக்கும் தனிப் பலன் உண்டு. 2007இல் ஜெர்மனியில், இரண்டு சிறு வேக ஓட்டங்களுக்குப் பிறகு இளைஞர்கள் புதிய சொற்களை 20 சதவீதம் விரைவாகக் கற்றனர். 2012இல் மார்க் ரோய்க் குழு, கைத்திறன் ஒன்றைப் பழகிய பின் கடுமையாக சைக்கிள் மிதித்தவர்களுக்கு அத்திறன் ஒரு வாரம் கழித்தும் நன்றாக நின்றதைக் காட்டியது. பழகுவதற்கு முன் மிதித்தவர்களைவிடப் பின் மிதித்தவர்களுக்கே பலன் அதிகம். ஜப்பானில் 1928இல் வானொலி வழியே தொடங்கிய கூட்டு உடற்பயிற்சி அந்நாட்டு ஆலைகளில் வேலைக்கு முந்தைய வழக்கமானது. கைவேலை கற்கும் ட்ரெய்னிகளைப் பொறுத்தவரை, ரோய்க்கின் முடிவு அந்த நேர ஒழுங்கையே கேள்வி கேட்கிறது. 2022இல் டார்ட்மவுத் கல்லூரியின் ஜெரமி மேனிங் குழு, 113 பேரின் ஓராண்டு ஃபிட்பிட் பதிவுகளை நினைவுத் தேர்வுகளோடு ஒப்பிட்டது. மிதமாக இயங்குவோர் கதை நிகழ்ச்சிகளை நினைவுகூர்வதிலும், கடுமையாக இயங்குவோர் இடம் சார்ந்த நினைவிலும் மேலோங்கினர். எது காரணம், எது விளைவு என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இதை மருந்துச் சீட்டாக விற்பவர்களை நம்ப வேண்டாம்.

உணர்வின் கணக்கு வேறு. உடற்பயிற்சி உளவியலாளர் பான்டெலேமோன் எக்கெக்காகிஸ் காட்டியபடி, மூச்சு திணறத் தொடங்கும் எல்லைவரை பெரும்பாலோருக்கு உடற்பயிற்சி இனிக்கிறது. எல்லையருகே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் கசக்கிறது. 2017இல் பெர்ன்ஸ்டீனும் மெக்நல்லியும் 80 பேரிடம் நடத்திய சோதனையில், சோகக் காட்சி பார்ப்பதற்கு முன் 30 நிமிடம் மெல்லோட்டம் ஓடியது, உணர்வைக் கையாளத் திணறுபவர்களுக்கு அச்சோகத்திலிருந்து மீள உதவியது.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் பங்கேற்றவர்கள் தாமாக வந்தவர்கள், முடிந்ததும் ஓய்வெடுத்தவர்கள். லைனில் நிற்பவரின் நிலை அதுவா? ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு 2014இல் சொன்னது: தமிழகத்தில் 93.1 சதவீதம் பேருக்குப் பொழுதுபோக்கு உடற்செயல் என்று எதுவுமே இல்லை. இருக்கும் அசைவில் பெரும்பங்கு வேலையில்தான். அந்த அசைவு, டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் விளக்குவதுபோல், இதயத்தையும் தசையையும் வலுப்படுத்தப் போதாத தீவிரமும், உடல் மீளப் போதாத நீளமும் கொண்டது. அதை நிறுத்தும் உரிமையும் தொழிலாளியிடம் இல்லை.

நைட் ஷிஃப்ட் இதன் மேல் ஏறும் சுமை. ஒரே ஓர் இரவுத் தூக்கத்தை இழந்தவர்களுக்கு, மனத்தைக் குலைக்கும் படங்களைக் கண்டபோது, உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலா சுமார் 60 சதவீதம் கூடுதலாகக் கொதித்ததை 2007இல் மேத்யூ வாக்கர் குழு பதிவு செய்தது. பிரான்சில் 2014இல் வெளியான நெடுங்கால ஆய்வில், பத்தாண்டுக்கு மேல் ஷிஃப்ட் மாறி வேலை செய்தவர்களின் அறிதிறன் இழப்பு ஆறரை ஆண்டு மூப்புக்குச் சமமாக இருந்தது. அவ்வேலையை விட்ட பிறகும் மீள ஐந்து ஆண்டுகளாவது பிடித்தது.

ஆகவே, வேலையின் அசைவையும் ஓய்வின் அசைவையும் ஒரே கட்டத்தில் கூட்டும் கணக்கு வல்லம் வடகாலுக்கு உதவாது. இங்கே செய்ய வேண்டிய ஆய்வு எளிதானதே. ஒரே ஆளைப் பகல் ஷிஃப்ட் வாரத்திலும் இரவு ஷிஃப்ட் வாரத்திலும் அளக்க வேண்டும். லைனில் நடந்ததையும் குடியிருப்பு வளாகத்தில் விரும்பி நடந்ததையும் தனித்தனியே பதிய வேண்டும். கூடவே தூக்கமும், ஒரு சிறு நினைவுத் தேர்வும், அன்றைய மனநிலையும். சென்னைப் பல்கலைக்கழகங்களின் உளவியல், உடலியல் துறைகள் இதை எடுத்துச் செய்யலாம். ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம்: அந்தப் பதிவுகள் நிர்வாகத்தின் கைக்குப் போகாது என்ற உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். அது இல்லாவிட்டால், தன் தூக்கத்தைப் பற்றி எந்தத் தொழிலாளியும் உண்மை சொல்ல மாட்டார்.