கப்பல் விளிம்பிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு

ஒரகடத்தில் சரக்கேற்றி சீல் வைத்த கன்டெய்னர், டிரெய்லரில் படப்பையைத் தாண்டி, வண்டலூரில் வெளிவட்டச் சாலை பிடித்துத் துறைமுகம் போகிறது. வழியில் வண்டி கவிழ்ந்தால் நஷ்டம் விற்றவருக்கா, வாங்கியவருக்கா? இன்வாய்ஸில் இருக்கும் மூன்றெழுத்துதான் அதற்குப் பதில் சொல்லும்.

அத்தகைய மூன்றெழுத்துகளில் எஃப்ஓபி (சரக்கு கப்பலேறும்வரை விற்றவர் பொறுப்பு), சிஐஎஃப் (விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்தது) இரண்டும் 19ஆம் நூற்றாண்டிலேயே கடல் வணிகத்தில் புழங்கியவை. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருள். தகராறுக்கும் வழக்குக்கும் குறைவில்லை. முதல் உலகப்போர் முடிந்ததும் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான சர்வதேச வர்த்தக சபை, 1923இல் ஆறு சொற்களை எடுத்துக்கொண்டு 13 நாடுகளில் அவற்றுக்கு என்ன பொருள் என்று விசாரித்தது. அடுத்த ஆய்வு 30 நாடுகளைத் தாண்டியது. 1936இல் இத்தகைய சொற்களுக்குப் பொதுவான பொருள் சொல்லும் விதித்தொகுப்பான 'இன்கோடெர்ம்ஸ்' பிறந்தது. அது சட்டமல்ல. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் இரு தரப்பையும் கட்டும்.

எஃப்ஓபியில் பொறுப்பு கைமாறும் எல்லையாகக் கப்பலின் பக்கவிளிம்பைத்தான் வெகுகாலம் வைத்திருந்தார்கள். அந்த எல்லை எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டிய வழக்கு நம் நாட்டுக்கு வரவேண்டிய சரக்கைப் பற்றியது. லண்டனில் பைரீன் நிறுவனத்திடம் இந்திய அரசு எஃப்ஓபி முறையில் தீயணைப்பு வண்டிகள் வாங்கியது. பம்பாய்க்குப் புறப்படும் சிந்தியா நிறுவனக் கப்பலில் ஏற்றும்போது, ஒரு வண்டி விளிம்பைத் தாண்டும் முன்பே கீழே விழுந்தது. நஷ்டம் விற்றவர் தலையில். பழுதுச் செலவு 966 பவுண்டு. கப்பல் நிறுவனம் 200 பவுண்டு கொடுத்தால் போதும் என்று 1954இல் தீர்ப்பு வந்தது. அந்தரத்தில் ஆடும் சரக்கோடு பொறுப்பும் ஆடுகிற நிலையை யாரால் ரசிக்க முடியும் என்று நீதிபதி டெவ்லின் அந்தத் தீர்ப்பிலேயே ஆதங்கப்பட்டார். அப்படியும் இன்கோடெர்ம்ஸின் 2010 பதிப்பு வரும்வரை அந்த விளிம்பு நீங்கவில்லை.

அதற்குள் கன்டெய்னர் வந்து எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. சரக்கு உற்பத்தியாளரின் கையை விட்டுப் போவது தொழிற்சாலை வாசலில். கப்பலில் ஏறுவதோ பிறகு என்றோ ஒரு நாள். இதற்காக 1980இல் சேர்த்த விதிதான் இன்றைய எஃப்சிஏ (ஃப்ரீ கேரியர்). உற்பத்தியாளர் தன் வளாகத்தையே ஒப்படைப்பு இடமாகக் குறித்தால், வாங்குபவர் அனுப்பிய வண்டியில் ஏற்றிக் கொடுத்ததும் பொறுப்பு கைமாறிவிடும். ஏற்றுமதிக்கான கஸ்டம்ஸ் வேலை மட்டும் விற்றவருடையது.

ஆனாலும் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்கள் பல, கன்டெய்னர் சரக்குக்கும் 'எஃப்ஓபி சென்னை' என்றே எழுதுகின்றன. தங்கள் கை எட்டாத டெர்மினலில் கிடக்கும் சரக்குக்கும் அவர்களே பொறுப்பு. இது தேவையற்ற சுமை. சரக்கு கப்பலேறியதாகக் குறிப்பிடும் பில் ஆஃப் லேடிங்கை (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதை) எல்.சி.க்காக, அதாவது வங்கி தரும் பண உறுதிக் கடிதத்துக்காக, வங்கி கேட்பது ஒரு காரணம். வாங்குபவர் ஒப்புக்கொண்டால் எஃப்சிஏயிலும் அதைப் பெற 2020 பதிப்பு வழி செய்திருக்கிறது.

அடுத்த ஒப்பந்தத்தில் எஃப்சிஏ கேளுங்கள். ஒப்படைக்கும் இடத்தை முழு முகவரியோடு எழுதி, 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்பதையும் சேருங்கள். வாங்குபவர் எஃப்ஓபியில் பிடிவாதமாக நின்றால், சரக்கு கப்பலேறும்வரை உங்கள் பெயரில் காப்பீடு எடுத்துவிடுங்கள்.