ஸ்வாஹிலியில் பொறியியல்: மொழிபெயர்ப்பாளர் எங்கே?

டான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை ஸ்வாஹிலியில் ஆக்கி 1963இல் வெளியிட்டவர். 1969இல் 'வெனிஸ் வணிகன்' வந்தது. தலைப்பிலேயே வணிகனை முதலாளிகளாக்கிவிட்டார் அந்தச் சோஷலிஸ்ட்! சீசரைப் பேசவைத்த மொழியில், ஒரு நீரேற்றும் பம்பின் கையேட்டை மொழிபெயர்க்க ஆள் தேடி அலைய வேண்டியிருப்பது விந்தைதான்.

சொற்பஞ்சம் மட்டும் காரணமன்று. மின்னலைக் குறிக்கும் 'உமெமெ' என்ற சொல்லே மின்சாரத்துக்கும் ஆயிற்று. தமிழும் ஏறக்குறைய அவ்வழியே சென்றது. பொறியாளருக்கு அரபு வேரிலிருந்து 'ம்ஹண்டிசி' பிறந்தது. ஆங்கில ஸ்பானர் 'ஸ்பானா' ஆனது. கணினிக்கு 'கொம்பியூட்டா', 'தாராகிலிஷி' என இரண்டு சொற்கள். எதை எழுதுவது என்பது மொழிபெயர்ப்பாளனின் தலைவலி.

வேர் கல்வியில் இருக்கிறது. 1967இல் தொடக்கக் கல்வி ஸ்வாஹிலிக்கு மாறியது. சொல்லாக்கத்தை நெறிப்படுத்த 'பாகிடா' என்னும் தேசிய ஸ்வாஹிலி மன்றமும் அவ்வாண்டே சட்டத்தின் வழி அமைந்தது. உயர்நிலைப் பள்ளியோ ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. அதையும் ஸ்வாஹிலிக்கு மாற்றுமாறு 1982இல் மக்வேட்டா ஆணையம் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. அந்த மறுப்பை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவருக்கு ஸ்பானா தெரியும், கையேட்டின் ஆங்கிலம் எட்டாது. கையேட்டைப் படிக்கும் பொறியாளரோ, தம் துறையை ஸ்வாஹிலியில் பயின்றவரல்லர். இவ்விருவரும் ஒருவரிலேயே கூடியிருந்தால்தான் கொதிகலனின் எச்சரிக்கை வாசகம், அதன் அருகில் நிற்பவருக்குப் பிழையின்றிப் போய்ச் சேரும்.