பல்லில் தொடங்கிய கடும் தொற்று: அறுவை சிகிச்சைக்குப் பின் புண்ணைத் தைக்காமல் விடுவது ஏன்?

சொத்தைப் பல்லில் தொடங்கிய தொற்று தாடையைக் கடந்து கழுத்துக்குள் இறங்கிவிட்டால், மாத்திரைகளால் மட்டும் அதை அடக்க முடியாது. கழுத்தில் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவரப்படும் நோயாளியைக் கண்டு உறவினர்கள் திகைப்பது உண்டு. கீறிய இடம் தைக்கப்படாமல் திறந்தே இருக்கும்; அதற்குள்ளிருந்து ரப்பர் பட்டை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இது மருத்துவர்களின் கவனக்குறைவு அன்று, திட்டமிட்டே செய்யப்படுவது. இந்தப் புண் ஆறும் விதத்தைப் புரிந்துகொள்ளாமல் பாதியில் சிகிச்சையைக் கைவிடுவோருக்கு மீண்டும் சீழ் கட்டி, இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

தாடைக்கடியில் சீழ் தேங்குவது எப்படி?

கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள், வாயின் அடித்தளமாக அமைந்த தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே அமைந்திருப்பது வழக்கம். எனவே அப்பற்களில் உருவாகும் சீழ் எலும்பைத் துளைத்து வரும்போது வாய்க்குள் வடிவதில்லை. தாடைக்கடியில் உள்ள தசை இடைவெளிகளில் தேங்குகிறது. அங்கிருந்து இருபுறமும் பரவி, நாக்கை மேலே தூக்கி மூச்சுப்பாதையை அடைக்கும் நிலையை 'லுட்விக் ஆஞ்சைனா' என்பர். ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் 1836-ஆம் ஆண்டு இதை விவரித்தார். ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லாத காலத்தில், பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் உயிரை இது பறித்தது. இன்றும் சிலருக்குத் தொண்டையில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்திய பின்னரே அறுவை சிகிச்சை தொடங்க முடிகிறது.

சீழை வெளியேற்றுவதுடன், தொற்றுக்குக் காரணமான பல்லையும் பொதுவாக அப்போதே அகற்றிவிடுகின்றனர். 'வீக்கம் இருக்கும்போது பல்லைப் பிடுங்கக் கூடாது' என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் வேரூன்றியுள்ளது. ஆனால் தொற்றின் ஊற்றுக்கண்ணை உள்ளேயே விட்டுவிட்டு வெளிப்புண்ணை ஆற்ற முயல்வதில் பயனில்லை.

திறந்த புண்ணின் தேவை

பல்லிலிருந்து பரவும் தொற்றுகளில், காற்றில்லாத சூழலில் செழிக்கும் பாக்டீரியாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சீழ் நிறைந்திருந்த குழியின் வாயை உடனே தைத்து மூடினால், அவை விரும்பும் சூழலை நாமே அமைத்துத் தந்ததாகிவிடும். மேல்தோல் விரைவில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே குழி அப்படியே இருக்கும். மீண்டும் சீழ் சேரும். அதனால்தான் புண் அடியிலிருந்து மேல்நோக்கி ஆற வேண்டும் என்கிறது மருத்துவம். ரப்பர் வடிகாலின் வேலையும் இதுவே: எஞ்சிய சீழும் நீரும் வெளியேறும் வரை வழியை மூடவிடாமல் காப்பது.

இந்தக் கீறல் பொதுவாகத் தாடையின் கீழ்விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு விரற்கடை கீழே இடப்படுகிறது. கீழுதட்டை அசைக்கும் நரம்பின் கிளை தாடை விளிம்பை ஒட்டிச் செல்வதால் இந்த இடைவெளி விடப்படுகிறது. பல நோயாளிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கீறல்களும் வடிகால்களும் தேவைப்படும்.

வார்டில் நாள்தோறும் ஒரு முறையோ இரு முறையோ, மலட்டு உப்புநீரைச் சிரிஞ்சு வழியாகச் செலுத்திக் குழியைக் கழுவுகின்றனர். வெளிவரும் நீர் தெளியும் வரை இது தொடரும். நீர் கசிந்து நனைந்த கட்டை உடனுக்குடன் மாற்ற வேண்டும். ஈரக் கட்டு சுற்றியுள்ள நல்ல தோலையும் ஊறச் செய்து புண்ணாக்கும். கசிவு வெகுவாகக் குறைந்ததும் வடிகாலை ஒரேயடியாகவோ சிறிது சிறிதாகவோ வெளியே எடுக்கின்றனர். பலருக்கு இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் இது நடந்துவிடும். நாட்கணக்கை விட, கசிவின் அளவு, காய்ச்சல், வீக்கம், வாய் திறக்கும் அளவு ஆகியவற்றை வைத்து முடிவெடுப்பதே முறை.

எந்தத் திரவத்தால் கழுவுவது என்பதில் பழைய பழக்கங்கள் இன்னும் நீடிக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் புண் சுத்தமாவது போலத் தோன்றும். ஆனால் புதிதாக வளரும் திசுவையும் அது சிதைக்கும். ஆழமான, மூடிய குழிகளுக்குள் செலுத்தினால் அதிலிருந்து வெளிப்படும் வாயு இரத்தக் குழாய்க்குள் புகும் ஆபத்தும் உண்டு. அழுகிய புண்களுக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் வேதியியலாளர் ஹென்றி டேக்கினும் அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெலும் பயன்படுத்திய நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் சில மருத்துவமனைகளில் இன்றும் வழக்கில் உள்ளது. பல் வேர் சிகிச்சையில் வேர்க்குழாயைக் கழுவப் பயன்படுவதும் இதே வேதிப்பொருள்தான். எனினும் பெரும்பாலான புண்களுக்குச் சாதாரண உப்புநீரே போதுமானது.

திசு அழுகினால்

தொற்று தோலுக்கடியில் உள்ள சவ்வுகளை அழித்துக்கொண்டே பரவும் 'நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்' என்ற நிலை அரிதானது. ஆனால் மிகக் கொடியது. இதில் ஒரு முறை கீறிச் சீழை வடித்தால் போதாது. உயிரற்ற திசுக்களை, இரத்தம் கசியும் நல்ல திசு தெரியும் வரை வெட்டி அகற்ற வேண்டும். ஓரிரு நாட்களில் மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டு சென்று, அழுகல் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொற்று மார்புக்கூட்டுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும்.

அழுகல் முற்றிலும் நின்ற பிறகு, பஞ்சு போன்ற பொருளைப் புண்ணில் வைத்து மூடி, கருவி மூலம் காற்றை உறிஞ்சும் 'வேக்கம்' கட்டு சிலருக்கு உதவுகிறது. கசிவை இழுத்தெடுத்துப் புண்ணின் பரப்பைச் சுருக்குவது இதன் பயன். ஆனால் கழுத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும் இடத்தின் மீது இதை நேரடியாக வைக்கக் கூடாது. அடிப்பகுதியில் சிவந்த, மணிமணியான புதுத் திசு நிரம்பியதும், சிறிய புண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். அகன்றவற்றுக்குத் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டுகின்றனர்.

சர்க்கரை நோய் என்னும் தடை

நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. பலர் தமக்குச் சர்க்கரை இருப்பதையே பல்வீக்கத்துக்காக மருத்துவமனையில் சேரும்போதுதான் அறிகின்றனர். தொற்று சர்க்கரையை உயர்த்துகிறது. உயர்ந்த சர்க்கரை வெள்ளணுக்களின் ஆற்றலைக் குறைத்துப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. இந்தச் சுழலை உடைக்க, மாத்திரை மட்டும் எடுத்துவந்தவர்களுக்கும் தற்காலிகமாக இன்சுலின் தரப்படுவது உண்டு. மருத்துவமனையில் இருக்கும் காலத்தில் இரத்தச் சர்க்கரையைப் பொதுவாக 140 முதல் 180 மில்லிகிராம் வரை வைத்திருக்க முயல்கின்றனர்.

உணவில் ஒரு சிக்கல் எழுகிறது. தாடைத் தசைகள் இறுகி வாய் திறக்க முடியாததால், வீட்டார் கஞ்சியும் பழச்சாறும் குளுக்கோஸும் கொடுத்துவிடுகின்றனர். இவை சர்க்கரையை ஏற்றுமே தவிர, புண் ஆறத் தேவையான புரதத்தைத் தருவதில்லை. பால், மோர், நன்கு மசித்த பருப்பு, முட்டை, சூப் போன்றவை மேலானவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

வீடு திரும்பிய பின்

புண் முழுதும் மூடும் முன்பே பலர் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். தொலைவிலிருந்து வருவோர், விடுவிப்புக் குறிப்பைக் காட்டி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றிக்கொள்ளலாம். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் திறந்த புண்ணில் பூசக் கூடாது. புகையிலையும் புகைப்பழக்கமும் திசுவுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. ஆன்டிபயாடிக் மருந்தை வலி குறைந்தவுடன் நிறுத்துவதும், மீதமுள்ளதை எடுத்து வைத்து அடுத்த வீக்கத்துக்கு விழுங்குவதும் ஆபத்தானவை. மருத்துவர் அனுமதித்ததும் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். வலிக்குப் பயந்து தள்ளிப்போட்டால் இறுக்கம் நிலைத்துவிடக்கூடும்.

புண்ணில் சிறிது சிவப்பும், கட்டு மாற்றும்போது துளி இரத்தமும் தெரிவது நல்ல அறிகுறி. சாம்பல் அல்லது கறுப்பு நிறம், துர்நாற்றம், குறைந்திருந்த வலி மீண்டும் கூடுவது, காய்ச்சல் ஆகியன இருந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாற்றம், படுத்தால் மூச்சுத் திணறல், கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும் வலி ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கலாகாது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

புண் மூடிய பிறகும் சிறு துளை ஒன்று மட்டும் வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருந்தால், மேலே மருந்து போட்டுக்கொண்டிருப்பது வீண். உள்ளே வேர்த்துண்டு தங்கியிருக்கலாம். தாடை எலும்பில் தொற்று பரவியிருக்கலாம். கழுத்தில் ஆறாத துளைக்குக் காசநோயும் காரணமாகும் நம் நாட்டில், தாடை எக்ஸ்ரேயுடன் திசுப் பரிசோதனையும் செய்து பார்ப்பது அவசியம். எலும்போடு ஒட்டிக் குழிந்துபோகும் தழும்பு தோற்றத்தைப் பாதித்தால் அதைத் திருத்தவும் வழி உண்டு. தழும்பு முதிர்வதற்காக, அந்த அறுவை சிகிச்சைக்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்கச் சொல்கின்றனர்.