தோற்ற தலைமுறையின் சொல்: கூத்தோ குவாதலூப்பேயின் இணையப் புகழ்

பெருவின் முன்னாள் கால்பந்துத் தடுப்பாட்டக்காரரான லூயிஸ் 'கூத்தோ' குவாதலூப்பே, ஆடிய காலத்தில் அடையாத பெரும்புகழை ஓய்வுக்குப் பின் இணையத்தில் அடைந்ததற்கு 2017இல் பெரு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற வெற்றியே காரணம் என்பது பரவலான விளக்கம். 'நம்பிக்கையே வாழ்வில் மிக அழகானது' என்று பொருள்படும் 'லா ஃபே எஸ் லோ மாஸ் லிந்தோ தே லா விதா' என்னும் அவரது தொடர், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின்போது மீம்களாகவும் சட்டை வாசகமாகவும் நாடெங்கும் பரவியது. அணி தகுதி பெற்றதால் அத்தொடர் தீர்க்கதரிசனமாகி நிலைத்தது என்பது அவ்விளக்கத்தின் சாரம். எளிமையாக இருப்பதாலேயே பலராலும் வழிமொழியப்படும் இவ்விளக்கம், காலவரிசையோடு ஒப்பிடும்போது வலுவிழக்கிறது.

2017 அக்டோபர் 10 அன்று லீமாவில் கொலம்பியாவுடன் 1-1 எனச் சமன் செய்த பெரு, 26 புள்ளிகளுடன் தென் அமெரிக்கத் தகுதிச்சுற்றில் ஐந்தாமிடம் பெற்றது. அதே புள்ளிகளை எடுத்திருந்த சிலி, அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் வெளியேறியது. 1998 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் இரு அணிகளும் 25 புள்ளிகளில் சமமாக நின்றபோது, இதே கணக்கால் வெளியேறியது பெரு என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஐந்தாமிடம் நேரடி நுழைவைத் தராமல், நியூசிலாந்துடனான இரு ஆட்டங்களுக்கான வாய்ப்பை மட்டுமே தந்தது. வெலிங்டனில் 0-0 என முடிந்து, நவம்பர் 15 அன்று லீமாவில் முன்கள வீரர் ஃபர்ஃபானும், தடுப்பாட்டக்காரரான கிறிஸ்தியான் ராமோஸும் அடித்த கோல்களால் 2-0 என வென்ற பிறகே, 1982க்குப் பின் முதன்முறையாக பெரு உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. நவம்பர் 15க்கு முன்பே மக்கள் நாவில் புழங்கிய ஒரு தொடருக்கு அந்த வெற்றியைத் தோற்றுவாயாகக் கொள்வது பொருந்தாது. ஐயம் நிறைந்த வாரங்களிலேயே அது தேவைப்பட்டது என்று கொள்வதே முறை.

அத்தேவையின் வேர் இன்னும் பழையது. 1978 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றையொட்டி, 1977இல் அகுஸ்தோ போலோ காம்போஸ் இயற்றி ஆர்த்துரோ 'சாம்போ' காவேரோ பாடிய 'கொந்திகோ பெரு' இன்றும் தேசிய அணிக்கான பாடலாக ஒலிக்கிறது. கலங்கி நிற்கும் கூட்டத்தை ஒரே குரலில் இணைப்பதே அதன் பணி. குவாதலூப்பேயின் தொடர் அப்பாடலின் நேர் வாரிசு என நிறுவும் சான்று மெலிந்ததே. ஆயினும் இரண்டும் ஒரே சூழலில், முடிவு தெரியாத நிலையில், ஒரே செயலைச் செய்தன என்பதை எளிதில் புறக்கணிக்க இயலாது. அதிலும், 1986 முதல் 2014 வரை எட்டு உலகக் கோப்பைகள் பெரு இல்லாமலே நடந்த நெடுங்காலத்தில் தேசிய அணிச் சட்டையை அணிந்த ஒருவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசியதில், வென்றவர் எவரும் தர முடியாத ஒரு நேர்மை இருந்தது.

வெற்றியே காரணமாயின் தோல்வி அப்புகழைக் கரைத்திருக்க வேண்டும். 2018இல் ரஷ்யாவில் முதல் சுற்றிலேயே வெளியேறி, 2022 ஜூன் 13 அன்று கத்தாரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் பெனால்டி உதைகளில் பெரு தோற்ற பின்னும் அத்தொடர் வழக்கொழியவில்லை; முன்னாள் வீரர்களுடன் அவர் உரையாடும் யூடியூப் நிகழ்ச்சி 'லா ஃபே தே கூத்தோ', அதாவது 'கூத்தோவின் நம்பிக்கை' என்ற பெயரையே தாங்கியுள்ளது. மீமாகப் பிறரால் பரப்பப்பட்டவர் தம் பெயரிலேயே பேசுபவராக மாறிய இக்கட்டத்தை ஒரே ஆண்டில் நிறுத்திக் காட்டுவது அரிது. அம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.