பதினெட்டு வயதின் வாயிற்படியில்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடந்து வந்த இருபத்தைந்து ஆண்டுகளின் கணக்கைப் புரட்டிப் பார்க்கின்றோம். எத்தனை பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வில் தேறினர், எத்தனை பேர் கல்லூரி புகுந்தனர், எத்தனை பேர் அரசுப் பணி ஏற்றனர் என்னும் கணக்கெல்லாம் நம் ஏடுகளில் முறையாக உள்ளது. ஆனால் விக்கிரவாண்டியைச் சூழ்ந்த நம் குடியிருப்புகளில், கால் வலுவிழந்தோ, கண்ணொளி இன்றியோ, செவி கேளாமலோ, அறிவு வளர்ச்சி குன்றியோ, வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகளின் கணக்கு அவ்வேடுகளில் இல்லை. இக்குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

ஒதுக்கப்பட்டோர் கல்வியால் உயரலாம் என்பதை மெய்ப்பித்த மண் நம் பழைய தென்னார்க்காடு. 1916ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் கண்டார். பின்னர் அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததை நம் பிள்ளைகள் யாவரும் அறிவர். 41ஆம் பிரிவை அறிந்தவர் சிலரே. வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் உள்ளோர்க்குக் கல்வியும் வேலையும் பொது உதவியும் கிடைக்க அரசு தன் ஆற்றலுக்கு இயன்றவரை வழிசெய்ய வேண்டும் என்று அது நெறி வகுக்கின்றது. சேரியில் பிறந்து உடற்குறையும் உற்ற பிள்ளைக்கு இவ்விரு பிரிவுகளும் ஒருங்கே வேண்டியவை.

உடலைப் பற்றிய தீண்டாமை எத்துணைக் கொடியது என்பதைத் தொழுநோயாளர் வரலாறு காட்டும். அந்நோய் கண்டவர் எக்குலத்தவராயினும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார். நம் விழுப்புரம் பகுதியின் மழவந்தாங்கலில் 1940களில் எழுந்த கஸ்தூரிபா குஷ்டநோய் நிவாரண நிலையத்திற்காக உழைத்த டி. என். ஜெகதீசன், அந்நோயின் துன்பத்தைத் தாமே நுகர்ந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது.

அக்காலத்திலேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். இளைஞர் பலர் விரிந்த கையுடன் வெளியேறினர். ஆனால் சிலர் விரைவிலேயே வாடித் திரும்பி வந்தனர். மடங்கிய கைக்குக் கிடைத்த பிச்சை நிமிர்ந்த கைக்குக் கிடைக்கவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. கையைத் திருத்தினால் மட்டும் போதாது, அக்கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்பதை மருத்துவர் உணர்ந்தார். 1951இல் கல்லூரி வளாகத்தில் எளிய குடிசைகளாக ‘நவஜீவ நிலையம்’ எழுந்தது. அங்கே இளைஞர்கள் தச்சுத் தொழில் பயின்றனர். உணர்ச்சியற்ற கை கருவி பட்டுப் புண்ணாகாதிருக்கும் வகைகளையும் கற்றனர். மருத்துவத்திற்கும் வாழ்வுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும் என்னும் பாடத்தை நமக்கு அளித்தது அந்நிலையம்.

அதே கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தை அயல்நாடுகளில் பயின்று திரும்பினார். 1966இல் வேலூர்ப் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைய அவரே முதற்காரணமானார்.

தெற்கே தென்காசியை அடுத்த ஆய்க்குடியின் வரலாறும் இத்தகையதே. பொறியியல் மாணவராயிருந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டில் ஐந்து குழந்தைகளைக் கொண்டு கூரைக் கொட்டகையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே அமர் சேவா சங்கம். தசைநலிவு நோயுற்ற கணக்காயர் சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். குழந்தைகள் வளர வளரச் சங்கமும் வளர்ந்தது. பள்ளிக்கு அடுத்துத் தொழிற்பயிற்சி வந்தது, பின்னர்ச் சிற்றூர்களுக்கே சென்று செய்யும் மறுவாழ்வுப் பணி வந்தது.

இவ்வரலாறுகள் கூறும் உண்மை ஒன்றே. இளம் பருவத்தில் இரக்கம் காட்டும் உலகம், பிள்ளை பதினெட்டு வயதை எட்டியதும் கையை விட்டுவிடுகின்றது. சட்டத்திலும் அவ்வயது ஓர் எல்லைக்கோடாகவே நிற்கின்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறையுற்ற பிள்ளைகளுக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கின்றது. அதன்பின் வருவனவற்றை நாமே தேடிப் பெறவேண்டும். எனவே இளைஞர்கள் சிலவற்றை மனத்தில் இருத்துதல் நன்று.

1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் மூன்று விழுக்காடு ஒதுக்கியது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நான்காக்கி, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. உயர்கல்வியில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களும், வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு எல்லாச் சாதிப் பிரிவுகளையும் ஊடறுத்துச் செல்வது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் மண்டல் வழக்கில் விளக்கியது. ஆதலால் நம் பிள்ளைக்குச் சாதிச் சான்றும் மருத்துவக் குழுவின் சான்றும் இரண்டும் தேவை. ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என எண்ணுதல் பிழை. அறிவு வளர்ச்சி குன்றியோர், மூளை முடக்குவாதம், புறவுலகச் சிந்தனைக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர் பதினெட்டு வயதைக் கடக்கும்போது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அடங்கிய குழு அவர்களுக்குச் சட்டக் காப்பாளரை அமர்த்தலாம். ‘எமக்குப் பின் இவனுக்கு யார்?’ என்று கலங்கும் தாய்மார்க்கு இச்செய்தி சென்று சேர்தல் வேண்டும்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. திண்ணையில் இருத்தப்பட்டவர் மன்றத்தில் அமர்ந்து பேச ஒரு வழி இது. அங்ஙனம் பேசத்தக்கவரை நாம் உருவாக்கியிருக்கின்றோமா என்பதே நம் முன்னுள்ள வினா.

நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி இங்கிருந்து தொடங்கட்டும். தெருத்தெருவாகச் சென்று இப்பிள்ளைகளின் பெயரை ஏட்டில் எழுதுவோம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குச் சான்று பெறச் செல்வோர்க்குத் துணை செல்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலோ ஒரு படிப்போ அமையும்வரை உடன் நிற்போம். இப்பணிக்கு அவர்களையே தலைமை ஏற்கச் செய்வோம். வேலூரும் ஆய்க்குடியும் கற்பித்த பாடம் அதுவன்றோ!

இளைஞர்களே, ஊர் நம்மை ஒதுக்கியபோது நாம் பட்ட துயரை நாம் மறக்கவில்லை. அதே துயரை நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் படுவதற்கு நாம் காரணமாகலாகாது.